ஒரே துறையின் இரண்டு காகிதங்கள்

கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விடிய விடிய வாக்குவாதம் நடந்தது. 2021 செப்டம்பர். ஐடா புயலின் மிச்சம் மீதி நியூ ஜெர்சியில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. செப்டம்பர் 1 அன்று நெவார்க்கில் மட்டும் 8.41 அங்குல மழை. அங்கே கணக்கு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே நாளில் அவ்வளவு பெய்ததில்லை. மாநிலத்தில் சுமார் 30 பேர் இறந்துபோனார்கள், பலர் காரோடு. எடிசன், பிஸ்காட்டவே பக்கம் நம் ஆட்கள் வீட்டு பேஸ்மென்டுகளில் முழங்கால் அளவு, இடுப்பளவு என்று தண்ணீர். மிடில்செக்ஸ் கவுண்டியைப் பேரிடர்ப் பகுதியாக அறிவித்ததும் ஒருவர், பேரிடர் உதவி தரும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பான ஃபெமாவின் விண்ணப்ப லிங்க்கைக் குழுவில் போட்டார். அடுத்த நிமிடமே இன்னொருவர், வேலை விசாவான எச்1பியில் இருப்பவர்களை எச்சரித்தார்: "எச்1பில இருக்கறவங்க தயவுசெஞ்சு தொடாதீங்க. நாளைக்கு கிரீன் கார்டுக்கு இடிக்கும்." உடனே பதில்: "ஏன், நாம டாக்ஸ் கட்டலையா?" அப்புறம் கேட்க வேண்டுமா, ஆளாளுக்கு வக்கீலானார்கள்.

எனக்குத் தூக்கம் போனது அந்தச் சண்டையால் அல்ல. இரண்டு தரப்பு சொன்னதிலும் உண்மை இருந்தது. பேரிடர் நிவாரணம் வாங்கினால் 'அரசுக்குச் சுமை' என்று எழுதிக் குடியேற்ற விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது. அந்தக் கணக்கில் பேரிடர் உதவி சேராது. ஆனால் ஃபெமாவின் உறுதிமொழிப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. இதில் தரும் தகவல்கள், ஃபெமாவும் அடங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையான ஹோம்லேண்ட் செக்யூரிட்டிக்குள் பகிரப்படலாம், குடியேற்றச் சட்ட அமலாக்கப் பிரிவு உட்பட என்று. அந்தப் பிரிவைத்தான் நாம் 'ஐஸ்' என்கிறோம். வெள்ளத்தில் பாய் நனைந்தவன் உதவி கேட்டு நீட்டும் காகிதத்தில், ஆளைப் பிடித்து நாடு கடத்தும் பிரிவின் பெயர். பயப்படுகிறவனை எப்படிக் கோழை என்பது?

எச்1பியில் இருப்பவர்களுக்கு இந்தத் துறையின் பெயர் அத்துப்படி. விசா நீட்டிப்புக்கு வரும் ஐ-797 கடிதத்தின் உச்சியில் அதுதான் இருக்கும். விமான நிலையத்தில் பெல்ட்டைக் கழற்றச் சொல்பவரும், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவரும், கிரீன் கார்டு தருபவரும், புயலுக்குப் பிறகு தண்ணீர் பாட்டிலோடு வருபவரும் ஒரே துறை. பல வருடமாக இதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அந்த வரிதான் தோண்ட வைத்தது.

பெரிய கூட்டுக் குடும்பம்

2001 செப்டம்பர் 11ஐப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதற்கடுத்த ஜூலையில் வெள்ளை மாளிகை ஒரு தேசிய வியூக ஆவணம் வெளியிட்டது. ஹோம்லேண்ட் செக்யூரிட்டி என்றால் என்ன என்று அதில் ஒரு வரையறை உண்டு: நாட்டுக்குள் பயங்கரவாதத் தாக்குதலைத் தடுப்பது, பயங்கரவாதத்துக்கு நாடு இடம் கொடுக்கும் பலவீனங்களைக் குறைப்பது, மீறி நடந்தால் சேதத்தைச் சுருக்கி மீண்டு எழுவது. மூன்று பகுதியும் தாக்குதலைச் சுற்றித்தான். மழையோ புயலோ அதில் கிடையாது. நவம்பர் 25 அன்று இந்தத் துறையை உருவாக்கும் சட்டத்தில் கையெழுத்தானது. 2003 மார்ச் 1 முதல் 22 அலுவலகங்கள் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன: கடலோரக் காவல்படை, சுங்கம், அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ், விமான நிலையச் சோதனை, ஃபெமா, குடியேற்றம். ஒரே சமையலறையில் 22 மருமகள்கள்.

குடியேற்றம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்றை எந்த நையாண்டி எழுத்தாளனும் கற்பனை செய்திருக்க மாட்டான். உலக வர்த்தக மையத்தில் விமானங்களை மோதிய முகமது அட்டாவும் மர்வான் அல்-ஷெஹியும் மாணவர் விசாவுக்கு மாறக் கேட்டிருந்தார்கள். அது அங்கீகரிக்கப்பட்டதற்கான அறிவிப்பு, தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில், ஃப்ளோரிடாவில் அவர்கள் படித்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு பழைய குடியேற்ற அலுவலகத்துக்காகப் பரிந்து பேச ஆளில்லை. அடுத்த மார்ச்சில் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விண்ணப்பம் பார்க்க ஒன்று, எல்லையில் நிற்க ஒன்று, உள்ளே தேடிப் பிடிக்க ஒன்று. இதே குடியேற்ற நிர்வாகம் 1940 வரை தொழிலாளர் துறையிலும், பிறகு 2003 வரை நீதித்துறையிலும் இருந்தது. வந்தவனை அரசு முதலில் வேலைக்காரனாகவும், பிறகு வழக்காகவும், கடைசியில் ஆபத்தாகவும் கோப்பு போட்டிருக்கிறது.

ஃபெமாவின் கதை வேறு. 1979இல் தொடங்கிய அமைப்பு. 1990களில் அதன் தலைவர் அமைச்சர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார். பெரிய துறைக்குள் போன பிறகு பணமும் கவனமும் பயங்கரவாதத்தின் பக்கம் சாய்ந்தன. 2005 ஆகஸ்டில் கத்ரீனா வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் கூரை மேல் நின்றவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த வருடமே ஃபெமாவைச் சீர்திருத்த ஒரு சட்டம் வந்தது. 2007இல் புதுப்பித்த வியூக ஆவணம் இயற்கைப் பேரழிவுகளுக்கும் இடம் ஒதுக்கியது. எந்த ஆபத்து வந்தாலும் ஒரே ஆயத்தம், ஒரே கட்டளைச் சங்கிலி என்ற கொள்கை அதற்குப் பிறகுதான் இந்தத் துறைக்குள் நிஜமாக வேர்விட்டது. 2010இல் துறை தன் ஐந்து கடமைகளைப் பட்டியலிட்டது: பயங்கரவாதத் தடுப்பு, எல்லை, குடியேற்றச் சட்ட அமலாக்கம், சைபர் பாதுகாப்பு, பேரிடரிலிருந்து மீளும் வலிமை. மூன்றாவதில் நான் இருக்கிறேன், ஐந்தாவதிலும் இருக்கிறேன்.

நம் ஊரிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். எல்லைப் பாதுகாப்புப் படையும், அரக்கோணத்தில் முகாம் வைத்திருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் ஒரே உள்துறை அமைச்சகம்தான். 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குப் படகோடு வந்தவர்களிடம் இதை யாராவது குறையாகச் சொன்னார்களா? சொல்லவில்லை. படகில் ஏறியவர்கள் குடிமக்கள். எந்த அமைச்சகத்தின் படகு என்று பார்க்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

பேஸ்மென்டும் பெருக்கல் கணக்கும்

எங்கள் டவுன்ஷிப்பில் நடக்கும் அவசரகாலத் தன்னார்வலர் பயிற்சியில் நான் சேர்ந்திருந்தேன். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவர்தான் வகுப்பெடுத்தார். கேஸ் வால்வை எப்படி மூடுவது, தீயணைப்பானை எங்கே குறிபார்ப்பது என்பதில் உயிரைக் கொடுப்பார். கொள்கை விளக்கம் வந்ததும் கொட்டாவி விடுவார். அவரே கரும்பலகையில் எழுதிப் போட்ட சூத்திரம் ஒன்றுண்டு. ரிஸ்க் என்பது அச்சுறுத்தல், பலவீனம், விளைவு மூன்றின் பெருக்கல். இந்தத் துறையில் எல்லாக் கட்டடமும் இந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது. எங்கே பணம் போடுவது, எந்தப் பாலத்துக்குக் காவல், எந்த ஊருக்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் இதிலிருந்து வரவேண்டும்.

ஐடா வந்தபோது இந்தச் சூத்திரத்தை என் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் கண்ணால் பார்த்தேன். மழை அச்சுறுத்தல். தரைக்கடியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப்புக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போனதும் நின்றுவிட்டது, அது பலவீனம். கீழே என்ன வைத்திருந்தார்கள் என்பது விளைவு: குழந்தையின் கட்டில், ஊரிலிருந்து சுமந்து வந்த கிரைண்டர், குளிர்கால உடைகள், ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் குடும்பத்தின் அத்தனை காகிதங்களும். பெட்டிக்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது சாப்பாட்டு மேஜை முழுக்க ஐ-797 கடிதங்கள் விரித்துக் கிடந்தன. நண்பரின் மனைவி ஹேர் டிரையரால் ஒவ்வொன்றாகக் காயவைத்துக்கொண்டிருந்தார். "சூடு அதிகம் வச்சா எழுத்து அழிஞ்சிடுமாண்ணா?" என்று கேட்டார். வாஷிங் மெஷின், சுவர், தரை என்று எதைப் பற்றியும் அவர் அப்போது கேட்கவில்லை.

மழைக்கு இந்தப் பெருக்கல் ஒத்துவரும். நூறு வருடப் பதிவேடு இருக்கிறது, ஆற்றின் மட்டம் தெரியும், எந்தத் தெரு தாழ்வு என்று தெரியும். மனிதன் விஷயத்தில் வராது. இந்தத் துறையின் கலைச்சொல் அகராதியே அச்சுறுத்தலையும் இடரையும் பிரித்துத்தான் பேசுகிறது. முன்னது ஒரு இலக்கை நோக்கி வருவது, பின்னது அப்படியல்ல. புயல் நாம் கட்டிய சுவரைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ளாது. மனிதன் மாற்றுவான். 2010இல் தேசிய ஆய்வுக் கவுன்சில் துறையின் ரிஸ்க் கணக்குகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, இயற்கைப் பேரிடர் பற்றிய கணக்கு தேறுகிறது, மற்றவற்றை நம்பி முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

கணக்கு உதவாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேடிக்கையான சாட்சிகள் உண்டு. 2003 பிப்ரவரியில் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்துவிட்டு, வீட்டில் டக்ட் டேப்பும் பிளாஸ்டிக் ஷீட்டும் வாங்கி வையுங்கள் என்றார்கள். கடைகளில் டேப் காலி. ஐந்து நிற எச்சரிக்கை முறை 2002இலிருந்து 2011 வரை இருந்தது. அதில் பச்சை, நீலம் என்று இரண்டு நிறம் உண்டு. நாடு தழுவிய அளவில் அவை ஒரு நாள்கூடப் பயன்படவில்லை. 'இன்று ஆபத்து குறைவு' என்று எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? இதைவிடப் பெரிய கூத்து காக்கப்பட வேண்டிய சொத்துகளின் தேசியப் பட்டியல். 2006இல் துறையின் சொந்தத் தணிக்கை அதிகாரியே அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே 77,069 இடங்கள். மாநிலங்களில் முதலிடம் இண்டியானாவுக்கு, 8,591, நியூயார்க்கைவிட அதிகம். பட்டியலில் ஒரு பாப்கார்ன் தொழிற்சாலையும், டென்னசியில் வருடா வருடம் நடக்கும் கோவேறு கழுதை ஊர்வலமும் இருந்தன. மானியம் பட்டியலைப் பின்தொடரும் என்று தெரிந்தால் எந்த மாநிலம்தான் சும்மா இருக்கும்?

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. உள்நோக்கத்தை அளக்க அளவுகோல் இல்லாதபோது, நிர்வாகம் கையில் சுலபமாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றை அளக்கத் தொடங்கும். 2002இல் பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளைச் சேர்ந்த ஆண்களை வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்த சிறப்புப் பதிவுத் திட்டம் அப்படி வந்ததுதான். நாடு என்ற விவரம் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது, பட்டியல் போடச் சுலபம். 2011இல் அதை நிறுத்தினார்கள், 2016 டிசம்பரில் விதிகளையே நீக்கினார்கள்.

'அது வேண்டாம், உள்ளே வையுங்கள்'

நண்பர் கடைசியில் பேரிடர் உதவி மையத்துக்குப் போவது என்று முடிவு செய்தார். துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். நீளமான மடக்கு மேஜைகள், முகக்கவசம், ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு லேப்டாப், நாற்காலிகளுக்கு நடுவே ஆறடி. மேஜைக்கு அந்தப்பக்கம் ஓர் அம்மாள், அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு வாடை. ஊர் ஊராகப் புயலுக்குப் பின்னால் போகிறவர் என்று தோன்றியது. நண்பர் உட்கார்ந்ததும் ஜிப்லாக் கவரைப் பிரித்து ஐ-797 கடிதத்தை எடுத்து நீட்டினார். நாம் எந்த அரசு மேஜை முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் கை போவது அங்கேதான். ஓரங்கள் அலை அலையாகச் சுருண்டிருந்தன, முத்திரையின் கழுகு லேசாகக் கரைந்திருந்தது.

அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. "அது வேண்டாம், உள்ளே வையுங்கள்" என்றார். குரலில் கண்டிப்பு இல்லை, அவசரம் இருந்தது. பிறகு கேட்டார்: வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் யாராவது இருக்கிறார்களா? இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தோம். மேஜைக்கடியில் உட்கார்ந்து மீன் வடிவ பிஸ்கட்டை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள் மகள், மூன்று வயது, இங்கேயே பிறந்தவள்.

விதி இதுதான். ஃபெமாவின் தனிநபர் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அகதிகள் போன்ற 'தகுதி பெற்ற' வெளிநாட்டவருக்கும்தான். எச்1பி அதில் சேராது, எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும். ஆனால் வீட்டில் 18 வயதுக்குட்பட்ட குடிமகன் ஒருவர் இருந்து, அவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தால், பெற்றோர் அந்தக் குழந்தை சார்பில் விண்ணப்பிக்கலாம். அப்போது பெற்றோரின் குடியேற்ற நிலையைக் கேட்கவும் மாட்டார்கள், எழுதவும் மாட்டார்கள். உயிர் காப்பது, உணவு, தங்குமிடம் இதற்கெல்லாம் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. கேள்வி பணத்துக்கு மட்டும்தான்.

நண்பரின் மனைவி என் காதருகே வந்து, "அண்ணா, இவ பேர்லயா அப்ளிகேஷன்? இவளுக்கு இன்னும் டயப்பரே விடல" என்றார். சிரிப்பு வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. திரையில் விண்ணப்பதாரர் கட்டத்தில் அந்தக் குழந்தையின் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு அடித்தார் அந்த அம்மாள். வாடகை கொடுப்பவர், காப்பீடு கட்டுபவர், சம்பளத்தில் வரி பிடிபடுபவர் காப்பாளராக ஓரமாய் வந்தார். துறையின் ஒரு மேஜைக்கு அவர் முழு விவரமும் தெரியும். கைரேகை, முதலாளி, சம்பளம், கடைசியாக எந்த விமானத்தில் வந்தார் என்பதுவரை. இன்னொரு மேஜை அவரைத் தெரியாதவராக இருக்கவே விரும்பியது. தெரிந்துகொள்ளாமல் இருந்ததுதான் அன்று அவருக்குக் கிடைத்த உதவி. பணமும் பிறகு வந்தது, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் கேட்ட எந்தச் சூத்திரத்திலும் இந்தக் காட்சிக்கு இடமில்லை. பேரிடரிலிருந்து மீள்வது என்ற அந்த ஐந்தாவது கடமைக்கு மக்கள் மேஜைவரை நடந்து வரவேண்டும், போனை எடுத்து உண்மையைச் சொல்லவேண்டும். என் பேஸ்மென்டில் ஒரு குடும்பம் தங்கியிருக்கிறது, தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவர் சொல்லாவிட்டால் படகு வராது. அந்த மழையில் நியூயார்க் நகரின் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் மூழ்கி இறந்தவர்களில் பலர் குடியேறிகள். அனுமதியில்லாத அந்த அறைகளில் யார் இருந்தார்கள் என்பது எந்த அலுவலகப் பதிவேட்டிலும் ஒழுங்காக இருக்கவில்லை. மூன்றாவது கடமை ஓங்க ஓங்க, ஐந்தாவதற்கு வேண்டிய தகவல் வற்றிப்போகிறது. இரண்டையும் ஒரே துறையில் வைத்தவர்கள் இதை யோசித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

துறைக்கே இது தெரியாமலில்லை. ஐடா வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2021 அக்டோபர் 27 அன்று, அப்போதைய செயலாளர் மயோர்கஸ் ஒரு சுற்றறிக்கை விட்டார். குடியேற்ற அமலாக்கம் நடக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது: பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டு இடம், கூடவே பேரிடர் நிவாரணம் நடக்கும் இடம். 2025 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு அந்தச் சுற்றறிக்கை ரத்தானது. சட்டமாக இருந்திருந்தால் அவ்வளவு சுலபமாக அழித்திருக்க முடியாது.

அதே ஆண்டு ஜூலையில் சாம் கிரேவ்ஸ், ரிக் லார்சன் என்ற இரண்டு அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சிக்கு ஒருவராக, ஃபெமாவைப் பிரித்துத் தனி அமைப்பாக்கும் மசோதாவை அவையில் கொண்டுவந்தார்கள். நண்பர்களிடம் இதைச் சொன்னால் 'அப்போ நமக்கும் பணம் கிடைக்குமா' என்கிறார்கள். கிடைக்காது. யார் தகுதி பெற்றவர் என்ற கோட்டைக் கிழித்தது 1996இன் நலத்திட்டச் சட்டம், இரட்டைக் கோபுரம் விழுவதற்கு ஐந்து வருடம் முன்னால். துறையைப் பிரித்தாலும் அந்தக் கோடு அப்படியே கிடக்கும், எச்1பிக்காரர் அப்போதும் மகள் பெயரில்தான் கேட்கவேண்டியிருக்கும். ஆனால் ஃபெமா இந்தத் துறைக்குள் இல்லை என்றால், தகவல்கள் துறைக்குள் பகிரப்படலாம் என்ற அந்த ஒற்றை வரிக்குப் படிவத்தில் வேலையிருக்காது. மசோதாவின் மற்ற பிரிவுகள் மேல் எனக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. இந்த வரி போகும் என்பதற்காகவே அது நிறைவேறட்டும் என்கிறேன்.